பூட்டுத் தொங்குற வீடு

வந்துட்டான். ஃபேன் நின்ன மறு நிமிஷமே நெஞ்சு மேல ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்துட்டான் அந்த அமுக்குவான் பேய். இந்த மத்தியான ரெண்டு மணி கரண்டு கட்டு எனக்குன்னே வருது. மத்தவங்களுக்கு ஃபேன் நின்னா வேர்க்கும், முழிச்சிக்குவாக. எனக்குக் காத்துகூட வேண்டாம், அந்தக் கடகட சத்தம் வேணும். இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லுல மிஷினுக்கு மத்தியில நின்ன காது இது. சத்தம் இருந்தாத் தூங்கும். சத்தம் நின்னா மிஷின் நின்னு போச்சு, மேஸ்திரி வாரான்னு பதறிக்கிட்டு முழிச்சிரும். அதுக்காகவே மூடி கழண்ட இந்த டேபிள் ஃபேனை மாத்தாம வச்சிருக்கேன். இப்போ அதுவும் வாயை மூடிக்கிச்சு. காது முழிச்சிருச்சு, புத்தி முழிச்சிருச்சு, கண்ணும் தொறந்துதான் இருக்கு, ஒடம்பு மட்டும் பாயில அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு. ஏ கையே, எந்திரி. எங்க எந்திரிக்குது? நான் யாருக்கோ சொல்ற மாதிரி அது பாட்டுக்குக் கெடக்கு. சுவத்துல தினசரி காலண்டர் தெரியுது, இன்னைக்குத் தாளைக் கிழிக்கல. வாசக்கதவு இடுக்குல வெயில் ஒரு கோடாத் தெரியுது. அதுல பஞ்சுத் தூசி பறக்குது. எங்கூடவே மில்லுல இருந்து வந்து, சேலையை உதறும்போது பறந்த தூசிதான் அது. மூச்சு மட்டும் தானா வந்து தானா போகுது. அதுவும் நின்னு போயிருமோன்னு பயம். யாத்தே, இந்தப் பயம் மட்டும் எத்தனை தடவை வந்தாலும் பழசாக மாட்டேங்குதே. பவுன்தாயி, பதறாத. டாக்டர் சொன்னாருல்ல, ரெண்டு நிமிஷம்தான். அவரு கடியாரத்துக்கு ரெண்டு நிமிஷம், எனக்கு அது ரெண்டு ஷிப்டு.

டாக்டர் சின்னப் பையன். மில்லு ஆசுபத்திரிக்குப் புதுசா வந்தவரு. இது பேயுமில்ல பிசாசுமில்லம்மா, மூளை முழிச்சிருச்சு, ஒடம்பு இன்னும் முழிக்கல, அம்புட்டுத்தான்னாரு. ராத்திரி வேலை பாத்துப் பகல்ல தூங்குறவங்களுக்கு வர்றதுதான்னாரு. அந்த நேரத்துல ஆள் நிக்கிற மாதிரி தெரியும், கூப்புடுற மாதிரி கேக்கும், எதையும் நம்பாதீங்க, அம்புட்டும் கனவோட மிச்சம்னாரு. அப்புறம், யாராச்சும் ஒரு விரலை வச்சுத் தொட்டாப் போதும், டக்குனு விட்டுரும், வீட்ல யாரும்மா இருக்கான்னு கேட்டாரு. நான் முந்தியில ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். அவரும் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பிச்சிட்டாரு. ஒரு விரல். பெருவிரலோ சுண்டுவிரலோ, ஏதோ ஒண்ணு. அதுக்கு இந்த வீட்ல நாதியில்ல. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா மதினி டாக்டரை நம்ப மாட்டா. இரும்பை வை மதினி, தலைமாட்டுல இரும்பு இருந்தா அமுக்குவான் அண்ட மாட்டான்னு அவளே ஒரு பாக்குவெட்டியைக் கொண்டாந்து தலைகாணிக்கு அடியில சொருகிட்டுப் போனா. அண்டாம என்ன? அவன் அந்தப் பாக்குவெட்டியிலயே பாக்கு வெட்டி, வெத்தலையும் போட்டுக்கிட்டு நிதானமா வந்து உக்காருறான். இப்பக்கூட அது பின்மண்டையில குத்துது. குத்துறது தெரியுது, தலையை நகத்த முடியல. மில்லுல மாரித்தங்கம் சொல்லுவா, எக்கா, டீ டயத்துல நீ சுவத்துல சாஞ்சு தூங்குனியே, கண்ணை முழுசாத் தொறந்துக்கிட்டுத் தூங்குற, நான் ரெண்டு பேச்சுப் பேசிட்டு நீ பதில் சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டேன்னு. நான் சிரிச்சேன். முழிச்சுக்கிட்டுத் தூங்குறவளை எந்தத் திருடனும் ஏமாத்த முடியாதுல்லட்டின்னேன்.

யாரோ நடந்து வாராக. செருப்புச் சத்தம். நம்ம லைன் வீட்டுப் பக்கந்தான் வருது. இந்நேரத்துக்கு யாரு வருவா? வர்றவுக பூட்டைப் பாத்துட்டுப் போயிருவாக. முழு நைட்டு பாக்குற மில்லுக்காரிக எல்லாருக்கும் இதுதான் பழக்கம். காலையில எட்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வந்து, வாசக்கதவை வெளிய பூட்டுப் போட்டுட்டு, சந்து வழியாச் சுத்திப் பின்வாசல்ல நொழைஞ்சு படுத்துக்கிறது. இல்லேன்னா தூங்க விடமாட்டாக. சேலைக்காரன் தட்டுவான், கோயில் வரிக்காரன் தட்டுவான், அவசரமா ஒரு கை சீனி வேணும்னு தட்டுவாக. பூட்டுத் தொங்குனா ஆள் இல்ல. வெளியூருக்காரனுக்குத்தான் ஆள் இல்ல, லைன்ல இருக்குறவங்களுக்கு ஆள் தூங்குதுன்னு அர்த்தம். என் மக செண்பகத்துக்கு இது ஒண்ணாப்புலயே தெரியும். அவ அப்பன் மஞ்சக்காமாலையில போகும்போது அவளுக்கு நாலு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோட வெளிய நிப்பாளேன்னு, பூட்டோட ரெண்டாஞ்சாவியை மில்லு நூல்ல முறுக்கிக் கயிறாக்கிக் கழுத்துல போட்டு விட்டேன். அவளா பூட்டைத் தொறந்து, பூனை மாதிரி உள்ள வந்து, மூடி வச்ச சோத்தைத் தின்னு, தட்டைக் கழுவிக் கவுத்திட்டு, திரும்பப் பூட்டிட்டு வெளையாடப் போயிருவா. ஒரு சத்தம் கேக்காது. அம்மாவைத் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது, எழுப்பிட்டா ராத்திரி மிஷின்ல அம்மா கை போயிரும்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். ஒரு தடவை காய்ச்சல் வந்து கொதிக்குது பிள்ளைக்கு. நான் எந்திரிச்சுப் பாக்குறேன், பாய்க்கு அரை முழம் தள்ளி, என்னைத் தொடாம, வெறுந்தரையில சுருண்டு கெடக்கு. ஏட்டி, எழுப்ப வேண்டியதுதானேன்னேன். ஒங்கை போயிருமேம்மாங்குது. ஏழு வயசுல அப்படி ஒரு பிள்ளை.

செருப்புச் சத்தம் நம்ம வாசலுக்கு முன்னாடி நின்னு போச்சு. கேட்டியா பவுன்தாயி, ஆரம்பிச்சாச்சு. அடுத்து என்ன நடக்கும்னு எனக்கு மனப்பாடம். பூட்டுல சாவி நொழையும். கதவு தொறக்கும். அவ வந்து நிப்பா. எப்பவும் அதே பள்ளிக்கூடத்துப் பாவாடை, ரெட்டைச் சடை, ரிப்பன் ஒரு பக்கம் அவுந்து தொங்கும். அம்மா பசிக்குதும்பா. நான் எந்திரிக்கணும்னு தவிப்பேன், ஒடம்பு வராது, வாயைத் தொறப்பேன், சத்தம் வராது. அவ கொஞ்ச நேரம் நிப்பா, அழுவா, போயிருவா. அப்புறம்தான் ஒடம்பு விடும். முன்னெல்லாம் விட்ட ஒடனே விழுந்தடிச்சு எந்திரிச்சு, பின்வாசல் வழியாச் சந்துல சுத்தி ஓடி, முன்வாசலுக்கு வந்து பாப்பேன். பூட்டு பூட்டுனபடி தொங்கும். தெருவுல ஒரு நாய் படுத்திருக்கும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஏழெட்டுத் தடவை. கடைசித் தடவை, போன ஆடியில, சேலை கூடச் சரியா இல்லாம ஓடி வந்து நிக்கிறேன், எதுத்த வீட்டுப் பொம்பளைக எல்லாம் கொல்லுன்னு சிரிச்சிட்டாக. என்ன மதினி, கனவுல மாப்பிள்ளை வந்தாரான்னா வெள்ளையம்மா. அவ வெளையாட்டுக்குத்தான் சொன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே எவ வந்து நின்னாலும் எந்திரிக்க மாட்டேன். நின்னுட்டுப் போகட்டும்.

சாவி. நொழைஞ்சிருச்சு. ஒரு தடவை திருகுது, சிக்குது. ஆமா, அது சிக்கும், பழைய பூட்டு, இடது பக்கமா லேசாத் தூக்கித் திருகணும். மாத்து மாத்துன்னு எல்லாரும் சொன்னாக. ஓடிப்போன மகக்கிட்ட சாவி இருக்குதே, இன்னுமா அதே பூட்டுன்னாக. நான் வருஷத்துக்கு ரெண்டு தரம் தேங்காயெண்ணெய் விட்டு அதே பூட்டைத்தான் பூட்டிக்கிட்டு இருக்கேன். எதுக்குன்னு கேட்டாக. பதில் இருக்கு, சொல்லத்தான் வெக்கம். இந்தா, தூக்கித் திருகியாச்சு. கனவுக்குக்கூட நம்ம பூட்டோட சூட்சுமம் தெரிஞ்சிருக்கு பாரேன். கதவு தொறக்குது. வெயில் அப்படியே மொகத்துல அடிக்குது, கண்ணை மூடலாம்னா மூட முடியல. ஒரு ஆள் நிக்குது. வெளிச்சத்துல மொகம் தெரியல. ஆனா இன்னைக்குப் பாவாடை இல்ல, சேலை. ரெட்டைச் சடை இல்ல. கண்ணாடி! கண்ணாடி போட்டிருக்கா. அடேயப்பா, இந்தக் கனவு எனக்குத் தெரியாம அவளைக் கண் டாக்டர்கிட்டல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கு. கையில ஒரு பெரிய பை. அதை மெதுவாக் கீழ வைக்கிறா, சத்தம் வராம. வந்து நிக்கிறா. பாய்க்கு அரை முழம் தள்ளி.

அம்மாங்குறா. முழிச்சுத்தான் இருக்கியாம்மா? கேக்குது, நல்லாக் கேக்குது. செண்பகம்னு சொல்லப் பாக்குறேன். செ... எங்க வருது? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஆறு வருஷமா அந்தப் பேரை இந்த வாய் சொல்லல. சொல்ல மாட்டேன்னு நான்தானே சொன்னேன். எனக்கு அந்தச் சேதி வந்ததே வாய்ப் பேச்சுல இல்ல. மில்லுக்குள்ள மிஷின் ஓடும்போது காது கேக்காது, கையாலதான் பேசுவோம். தண்ணி வேணும்னா பெருவிரல், மேஸ்திரி வாரான்னா மீசையைத் தடவுறது. அன்னைக்கு மாரித்தங்கம் நாலு மிஷினுக்கு அங்கிட்டு நின்னு கையை ஆட்டுறா. ரெண்டு கையையும் நெஞ்சு முன்னாடி கொண்டாந்து பிள்ளையைத் தாலாட்டுற மாதிரி காமிச்சா. ஒம்மக. அப்புறம் ரெண்டு விரலால கழுத்தைச் சுத்திக் காமிச்சா. தாலி. அப்புறம் கையை வாசல் பக்கம் வீசிக் காமிச்சா. போயிட்டா. இழை அறுந்து அறுந்து விழுது, நான் ஒட்டிக்கிட்டே இருக்கேன். ஒரு இழை கூட விடாம ஒட்டிட்டுத்தான் அன்னைக்கு ஷிப்டு முடிச்சேன். பையன் யாருன்னா, மிஷின் மாட்ட வந்த ஃபிட்டர் பையன், காளிராசு. நல்ல பையன்தான். எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே முடிச்சு வச்சிருப்பேன். மில்லு பூரா தெரிஞ்சிருக்கு, லைன் பூரா தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஊமைப் பாஷையில வந்து சேந்துச்சு. எழுப்பக்கூடாதுன்னு சொல்லி வளத்தேன்ல, இதுக்கும் எழுப்பாமப் போயிட்டா.

மூணாம் நாள் ரெண்டு பேருமா வந்து வாசல்ல நின்னாக. நான் என்ன சொன்னேன்? ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. இனிமே ஒங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஒம்பேரு என் வாயில வராது, நீ என் முன்னாடி வந்து நின்னாலும் கல்லு மாதிரி பாத்துக்கிட்டே இருப்பேனே ஒழிய வாயைத் தொறக்க மாட்டேன் பாத்துக்கோன்னேன். லைனே கேட்டுச்சு. மில்லுக்காரி தொண்டை, மெதுவாப் பேசத் தெரியாது. அவ பொழுது அடையிற வரைக்கும் அங்கயே நின்னா. நான் கல்லாத்தான் இருந்தேன். அப்புறம் திருப்பூர்ல இருக்காகன்னு மாரித்தங்கம் ஒரு நம்பரைக் கொண்டாந்து குடுத்தா. யாருக்கு வேணும்ட்டின்னு திட்டிட்டு, அவ போனப்புறம் பத்திரமா எழுதி வச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் போட்டுப் பாத்தேன். நம்பர் உபயோகத்தில் இல்லன்னு ஒருத்தி சொன்னா. மறுபடி போட்டேன். மறுபடியும் அவதான். நல்ல கொரலு. அவகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசலாம்னா, அவ சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றா மூதி.

வெயில் கூச்சத்துல நிழலாத்தான் தெரியுறா, இன்னும் நிக்கிறா. போகல. இன்னைக்கு நீளமாப் போகுதே. காத்து வருது. மொகத்துல சிலுசிலுன்னு படுது. வேர்வை காயுது. நல்லா இருக்கு. பசிக்குதுன்னு சொல்லு, சொல்லிட்டுப் போ, எனக்கு ராத்திரி வேலை இருக்கு. ஆனா அவ பசிக்குதுன்னு சொல்லல. சூரத்துக்குப் போறோம்மாங்குறா. அவருக்கு அங்க ஒரு மில்லுல ஆள் கேட்டிருக்காக. வீட்டைக் காலி பண்ணியாச்சு, இன்னைக்குச் சாயங்காலம் மதுரையில ரயில். அவர் அங்க சாமானோட நிக்கிறார். ஒன்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு நான் மட்டும் வந்தேங்குறா. சூரத்து எங்க இருக்கு? வடக்க எங்கியோ. கனவுக்கு இம்புட்டு வெவரம் எங்கிருந்து வருது? கேண்டீன்ல எவனாச்சும் பேசியிருப்பான். எதையும் நம்பாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அம்மா, என்னைப் பாத்துக்கிட்டே இருக்கியே, ஒரு வார்த்தை பேசக்கூடாதா? திட்டவாவது செய்யேன். திட்டுறேன்டி, திட்டுறேன், என் வாயைக் கொஞ்சம் அவுத்து விடு. ம்... ம்... எனக்கே கேக்கல. ஒரு விரல். ஏட்டி, அந்தக் கையை நீட்டி ஒரு விரலை என் மேல வையி. இந்தா இருக்கு என் கை, பாய் விளிம்புலதான் கெடக்கு. தொடு. தொட்டுட்டாப் போதும். அவ குனியுறா. கிட்ட வாறா. அவ மூக்குத்தி தெரியுது, மூக்குத்தி எப்பக் குத்துனா? கை நீளுது. பாதியில நிக்குது. பின்னுக்குப் போயிருச்சு. பாவி, நான்தானே தொடக்கூடாதுன்னு வளத்தேன். சரிம்மா, பேச வேண்டாம்ங்குறா. ஒடம்பைப் பாத்துக்கோ. காத்து நின்னு போச்சு. பையைத் தூக்குற சத்தம். வெயில் மறைஞ்சுச்சு, மறுபடி வந்துச்சு, கதவு மெதுவாச் சாத்திக்கிச்சு. செருப்புச் சத்தம் போகுது. போகுது. போயிருச்சு.

இந்தா, விட்டுருச்சு. மொதல்ல கால் பெருவிரல் அசையும், அப்புறம் முழங்கால், அப்புறம் ஒரேயடியா ஒடம்பு முழுக்க ரத்தம் ஓடும். கன்னமெல்லாம் ஈரம். அழுதிருக்கேன், கிறுக்கி மாதிரி. எந்திரிக்க மாட்டேன். சபதம் சபதந்தான். நான் சந்துல சுத்தி ஓட, அவளுக சிரிக்க, எனக்கென்ன தலையெழுத்தா? அஞ்சு மணி வரைக்கும் படுத்தாத்தான் ராத்திரி நிக்க முடியும். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன். பாக்குவெட்டியைத் தூக்கி அங்கிட்டுப் போடுறேன். கனவு நல்லாத்தான் இருந்துச்சு, காத்து வந்துச்சு. அது என்ன காத்து? கரண்டு வந்து போச்சோ? ஃபேனைப் பாக்குறேன். அது அப்படியே செத்துக் கெடக்கு. ரெண்டு மணிக்குப் போனா நாலு மணிக்குத்தான் வரும். வந்திருந்தா கடகடன்னு சத்தம் கேட்டிருக்குமே. சத்தமில்லாம எப்படிக் காத்து வரும்? ஜன்னல் இல்லாத வீடு. பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு. கையை ஊனி எந்திரிக்கிறேன், கைக்கு அடியில ஏதோ வழுக்குது. காலண்டர். சுவத்துல தொங்குன காலண்டர் அட்டை பாய் ஓரத்துல கெடக்கு. இன்னைக்குத் தாள் கிழிக்காம அப்படியே இருக்கு. நான் பாத்தேனே, ஃபேன் நின்னப்போ சுவத்துலதானே இருந்துச்சு. ஆணியைப் பாக்குறேன், வெறும் ஆணி. காத்து மொகத்துக்குத்தானே வந்துச்சு. விட்டு விட்டு வந்துச்சு. விசுறுன மாதிரி. நெஞ்சு மேல யாரும் உக்காரல, ஆனா மூச்சு நின்னு போச்சு எனக்கு.

வாசக்கதவைப் பிடிச்சு இழுக்குறேன். வெளிய பூட்டிக் கெடக்குற கதவு தொறக்காது, தொறக்கக்கூடாது. சாமி, தொறக்காம இருக்கட்டும். கனவாவே இருந்துட்டுப் போகட்டும். கதவு சுளுவாத் தொறந்துக்கிச்சு. ஒத்தை வளையத்துல பூட்டுத் தொங்குது, வாயைப் பொளந்துக்கிட்டு. பூட்டுக்குள்ள சாவி. என் சாவி என் இடுப்புல இருக்கு. அதுல இருக்குறது முறுக்கு நூல் கட்டுன சாவி. நூல் அழுக்கேறிக் கறுத்துப் போச்சு. ஓடிப்போன பெறகும் ஆறு வருஷம் வச்சிருந்ததை இங்கயே விட்டுட்டுப் போயிட்டா. இனிமே எதுக்குன்னு விட்டுட்டுப் போயிட்டா. நான் முழிச்சிருந்தேன்னு நெனச்சிட்டா. கண்ணைத் தொறந்து அவளைப் பாத்துக்கிட்டே, கல்லு மாதிரி, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சிட்டா. வெள்ளையம்மா அவ வாசல்ல உளுந்து பொடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. மதினி, யாரு அந்தப் பொண்ணு, கண்ணாடி போட்டுக்கிட்டு, கண்ணைத் தொடைச்சிக்கிட்டே போச்சேங்குறா. அவ இந்த லைனுக்கு வந்து மூணு வருஷம், அவளுக்குச் செண்பகத்தைத் தெரியாது. எந்தப் பக்கம் போச்சு? சொல்லுட்டி, எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாப்புக்குத்தான், ஏன் மதினி, என்னாச்சு மதினி?

ஓடுறேன். வளையத்துல இருந்து உருவுன பூட்டு கையிலயே இருக்கு. காலுல செருப்பில்ல. முடி அவுந்து கெடக்கு. சிரிக்கிறவ சிரிக்கட்டும், நல்லாச் சிரிக்கட்டும். ரெண்டரை மணி வெயில்ல தார் ரோடு தீயா இருக்கு, காலை வைக்க முடியல. கனவுல இப்படிச் சுட்டதில்ல. ஒரு கனவுலயும் காலு சுட்டதில்ல. ஐஸ் கம்பெனி தாண்டியாச்சு. அங்க நிக்குது மதுரை வண்டி. இங்கிருந்து பாத்தா ஜன்னல் ஓரத்துல ஒரு கண்ணாடி மின்னுது. அவளா, வேற எவளாச்சுமா? ரெண்டு விசில் கேக்குது. ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. வண்டி கிளம்பிருச்சு. பொகை வருது. என் காலு ஐம்பது வயசுக் காலு, ராத்திரி பூரா நின்ன காலு, வண்டியை எட்டிப் பிடிக்காது. கைகாட்டுறேன், எவன் பாக்குறான்? கத்தணும். வாயைத் தொறக்குறேன், நாக்கு அதே மாதிரி மேலண்ணத்துல ஒட்டுது. ம்... ம்... அட சண்டாளி, இங்கதான் அமுக்குறதுக்கு எவனும் இல்லையே, இது நீயாப் போட்டுக்கிட்ட பூட்டுதானேட்டி, தொறந்து தொலை. கையில இருந்த பூட்டை ரோட்டுல வீசி அடிச்சேன். அடி வயித்துல இருந்து ஒண்ணு கெளம்பி வந்துச்சு. நாப்பது மிஷின் ஓடும்போதும் அந்தக் கோடி வரைக்கும் கேக்குற தொண்டை அது.

செண்பகம்!

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேரு வெளிய வந்துச்சு. டீக்கடையில நின்னவன் கிளாசைக் கீழ வச்சிட்டான். செண்பகம், ஏ செண்பகம், அம்மா தூங்கிட்டேன்டி, கண்ணைத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டேன்டி! வண்டி போய்க்கிட்டே இருக்கு. பொகைக்குள்ள ஒண்ணும் தெரியல. காலு கொப்பளிக்குது, எடுத்து வைக்காம அங்கயே நிக்கிறேன்.

விசில் கேட்டுச்சு. ஒத்தை விசில்.